ஒரே படியால் அளந்த மூன்று பேர்

ஆடி பிறந்தால் டர்பனில் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். மீலி மாவு என்று இங்கே சொல்லும் மக்காச்சோள மாவில்தான் எங்கள் கூழ். சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் போகும் கோயிலின் மடைப்பள்ளியில் ஒரு பித்தளைப் படி உண்டு. 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில், யாரோ ஒரு பாட்டி துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த படி அது என்று ஆயா சொல்வார். ஒரு படி மாவு ஒரு கிலோ. அதுதான் மடைப்பள்ளிக் கணக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூழ் நாளில், இருந்த மாவை மூன்று பேர் அளந்தோம். ஒரு டிரம்மிலிருந்து இன்னொரு டிரம்முக்குப் படியால் மொண்டு மாற்றிக்கொண்டே எண்ண வேண்டும். நான் 40 படி என்றேன். பெரியம்மா 41 என்றார். அக்கா மகள் 40 என்றாள். மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போனதும் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. 40 கிலோவுக்கு உரிய தண்ணீரை ஊற்றிக் கிண்டினோம். கூழ் நீர்த்துப்போயிற்று. மறுநாள் மின்தராசில் வைத்துப் பார்த்தபோது ஒரு படிக்கு 920 கிராம்தான் பிடித்தது. அடிப்பக்கம் நசுங்கி உள்ளே ஏறியிருந்தது. அப்படியானால் நாங்கள் கொட்டிய மாவு 37 கிலோகூட இல்லை.

எண்ணியவர்கள் மூன்று பேர். அளந்தது ஒரே படி. அணுக்கரு அறிவியலில் பலருடைய அளவீடுகளைச் சேர்த்து ஒரு நல்ல எண்ணை எடுக்க முனைபவர்கள் ஓயாமல் மல்லுக்கட்டும் விஷயம் இதுதான். அதைப் புள்ளியியல் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்ல முடியும் என்று நான் நம்புகிறேன். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறவன் என்பதால் அந்த நம்பிக்கை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதே அக்கா மகள்தான். இப்போது பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறாள். கேப் டவுனை அடுத்த ஃபோரில் இதெம்பா ஆய்வகம் இருக்கிறது. இதெம்பா என்றால் சூலு மொழியில் நம்பிக்கை. 200 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வரை புரோட்டான்களை முடுக்கும் சைக்ளோட்ரான் அங்கே உண்டு. அந்தப் புரோட்டான்களை இலக்கில் மோதவிட்டு நியூட்ரான் கற்றையும் உண்டாக்குகிறார்கள். அங்கே ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவள் ஒரு கணக்கைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள்.

“மாமா, ஒருத்தர் அளந்தது 1.5. இன்னொருத்தர் அளந்தது 1.0. ரெண்டையும் விதிப்படி சேர்த்தா 0.88 வருது. சராசரின்னா ரெண்டுக்கும் நடுவுல தானே வரணும்?”

அவள் கணக்கில் பிழை இல்லை. அந்த 0.88 எங்கிருந்து வருகிறது என்று காட்டத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

முதலில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத அளவீடுகளைச் சேர்ப்பது. இது சுலபம். ஒருவர் 10.0 ± 0.1 என்கிறார், வேறு இடத்தில், வேறு கருவியில் அளந்தவர் 10.4 ± 0.2 என்கிறார். ± குறிக்குப் பின்னால் நிற்கும் எண்ணை நிச்சயமின்மை என்போம். அளந்த மதிப்பு உண்மையிலிருந்து இவ்வளவு தள்ளிப் போயிருக்கக்கூடும் என்று அளந்தவரே ஒப்புக்கொள்வது அது. நிச்சயமின்மை குறைந்தவருடைய சொல்லுக்கு எடை அதிகம். எவ்வளவு அதிகம்? நிச்சயமின்மையின் வர்க்கத்தின் தலைகீழ். 0.1-க்கு எடை 100; 0.2-க்கு எடை 25. நாலுக்கு ஒன்று. சேர்த்தால் 10.08 ± 0.09. பதில் நம்பகமானவர் பக்கம் சாய்ந்து நிற்கிறது. நிச்சயமின்மையோ இருவருடையதையும்விடக் குறைந்துவிட்டது. லெஜாந்திர் 1805-இல் அச்சிட்டதும் காஸ் தம்முடையது என்று உரிமை கொண்டாடியதுமான மீச்சிறு வர்க்க முறையின் மிக எளிய வடிவம் இது.

‘தொடர்பே இல்லாத’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. படிக்கு வருவோம். ஒருவர் மொள்ளும்போது கொஞ்சம் கோபுரமாக மொள்வார், இன்னொருவர் தலை தட்டி மொள்வார். நடுவில் எண்ணிக்கை தப்பும். இந்தப் பிழைகள் ஆளுக்கு ஆள், முறைக்கு முறை வேறுபடும். பத்துப் பேர் அளந்தால் மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் படி நசுங்கியது எல்லோருக்கும் பொது. அதில் ஒருவருடைய பிழையை இன்னொருவர் பிழை ஈடுசெய்ய வழியே கிடையாது.

எண்ணில் பார்க்கலாம். ஒவ்வொரு அளவீட்டிலும் தனிப்பிழை 0.3, பொதுப்பிழை 0.2 என்று வைப்போம். ஒருமுறை அளந்தால் மொத்த நிச்சயமின்மை 0.36; இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது. ஒன்பது முறை அளந்து சராசரி எடுத்தால் தனிப்பிழை 0.1 ஆகச் சுருங்கும், மொத்தம் 0.22. நூறு முறை அளந்தால் 0.202. ஆயிரம் முறை அளந்தாலும் 0.2-க்குக் கீழே இறங்காது. பொதுப்பிழையை மறந்துவிட்டு நூறையும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக் கணக்குப் போட்டவர் 0.036 என்று எழுதுவார். தமக்குத் தெரிந்ததைவிட ஐந்து மடங்குக்கு மேல் தெரிந்ததாக அவர் சொல்கிறார் என்று அர்த்தம். கணக்கு போட்டவர் நேர்மையானவராகவே இருப்பார். அதுதான் எனக்குக் கவலை தருவது.

அணுக்கரு அளவீடுகளில் இந்த நசுங்கிய படி எங்கே ஒளிந்திருக்கும்? பிளவு நிகழ்வதற்கான குறுக்குவெட்டுப் பரப்பை அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நியூட்ரான் ஒரு அணுக்கருவை மோதி அதைப் பிளப்பதற்கான வாய்ப்பை, அந்த அணுக்கரு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்று பரப்பளவில் சொல்வது அது. அலகின் பெயர் பார்ன்: ஒரு சதுர சென்டிமீட்டரை ஆயிரம் கோடி கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. வைக்கோலும் தானியமும் அடுக்கும் களஞ்சியத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அணுக்கரு அளவுக்கு அது களஞ்சியம்போலப் பெரியது என்று போர்க்கால ஆய்வாளர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இதை அளக்க நான்கு விஷயம் தெரிய வேண்டும். தகட்டில் எத்தனை அணுக்கள் பூசியிருக்கின்றன, எத்தனை நியூட்ரான்கள் வந்து விழுந்தன, எத்தனை பிளவுகளைக் கருவி பார்த்தது, பார்க்காமல் விட்டது எத்தனை. இதில் பிளவுகளை எண்ணுவதில் வரும் ஏற்றஇறக்கம் மட்டும் தனிப்பிழை. ஒரு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டில் எண்ணியதற்கும் இரண்டு மில்லியனில் எண்ணியதற்கும் அதில் தொடர்பு கிடையாது. மற்ற மூன்றும் பொது. அதே தகடு, அதே நியூட்ரான் கணக்கு, அதே கருவி. தகட்டில் அணுக்கள் ஒரு சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால், வரைபடத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரு சதவீதம் சேர்ந்தே தாழும்.

ஒரு ஆய்வகத்துக்குள் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். வெவ்வேறு நாடு, வெவ்வேறு பத்தாண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆய்வாளர்கள். அவர்களுக்குள்ளும் இந்த உறவு உண்டு. புளூட்டோனியம்-239 தகட்டில் அணுக்களை எண்ண ஒரு வழி, அது வெளிவிடும் ஆல்ஃபா துகள்களை எண்ணுவது. நொடிக்கு இத்தனை ஆல்ஃபா என்றால் இத்தனை அணுக்கள் என்று மாற்ற அரை ஆயுட்காலம், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், வேண்டும்; 24,110 ஆண்டு என்ற எண்ணை எல்லோரும் அட்டவணையிலிருந்து எடுக்கிறார்கள். அது சற்றுப் பிசகினால் அதை நம்பிய எல்லாத் தகடுகளும் ஒரே பக்கம் பிசகும். அதுபோல, நியூட்ரான்களை நேரடியாக எண்ணுவது கடினம் என்பதால் லித்தியம்-6, போரான்-10, யுரேனியம்-235 போன்றவற்றின் நன்கு தெரிந்த வினைகளை அளவுகோலாக வைத்து எண்ணுவார்கள். அளவுகோல் திருத்தப்பட்டால், அதைப் பயன்படுத்திய பழைய அளவீடுகள் அத்தனையும் சேர்ந்து நகர வேண்டும். உலகமெல்லாம் ஒரு படி.

இந்த உறவுகளை எழுதிவைக்க ஒரு கட்டம் போடுவார்கள். அதன் பெயர் உடன்மாறுபாட்டு அணி. பெயர் பயமுறுத்தும், பொருள் எளியது. பத்து அளவீடுகள் என்றால் பத்துக்குப் பத்து கட்டம். மூலைவிட்டத்தில் ஒவ்வொருவருடைய சொந்த நிச்சயமின்மையின் வர்க்கம். மற்ற அறைகளில், ‘மூன்றாவதும் ஏழாவதும் எவ்வளவு பிழையைப் பகிர்ந்துகொள்கின்றன’ என்பது. மூன்றாவதற்கு வந்த பொதுப்பிழையையும் ஏழாவதற்கு வந்த அதே பொதுப்பிழையையும் பெருக்கிப் போட வேண்டும். பகிர்வு இல்லையென்றால் சுழியம். இதையே −1 முதல் +1 வரை ஓர் எண்ணாகச் சுருக்கினால் ஒட்டுறவுக் கெழு. பாதிக் கட்டத்தை நிரப்பினால் போதும், மறுபாதி அதன் கண்ணாடி.

கட்டம் இல்லாமல் என்ன கெட்டுப்போகும்? நான்கு அண்டாக்களில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஒவ்வொன்றிலும் 100 லிட்டர், நிச்சயமின்மை 2. நான்குக்கும் வெவ்வேறு வாளி என்றால் மொத்தம் 400 ± 4. ஒரே வாளி என்றால் 400 ± 8. ஒவ்வொரு அண்டாவின் அளவும் நிச்சயமின்மையும் இரண்டிலும் அதேதான். மொத்தத்தின் நிச்சயமின்மை மட்டும் இரட்டிப்பாகிறது. இனி மொத்தத்தை விட்டுவிட்டு, முதல் அண்டாவுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். வெவ்வேறு வாளி என்றால் நிச்சயமின்மை ஏறக்குறைய 2.8. ஒரே வாளி என்றால் சுழியம்! வாளி பொய் சொன்னாலும் இரண்டுக்கும் ஒரே பொய்யைச் சொல்கிறது.

இந்த இடத்தை நான் வகுப்பில் அவசரப்பட்டுக் கடப்பதில்லை. பிழைகளின் ஒட்டுறவு என்றதும் அது ஏதோ நோய் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அணுக்கரு ஆய்வாளர்கள் அதை வேண்டுமென்றே உண்டாக்கிப் பயன் எடுக்கிறார்கள். யுரேனியம்-238 தகட்டையும் யுரேனியம்-235 தகட்டையும் முதுகோடு முதுகாக ஒட்டி ஒரே கற்றையில் வைப்பார்கள். இரண்டின் விகிதத்தை மட்டும் அளந்தால், எத்தனை நியூட்ரான்கள் வந்தன என்ற தலைவேதனை ஏறக்குறைய அடிபட்டுப் போகும். பொதுப்பிழை எதைக் கெடுக்கும், எதைக் காப்பாற்றும் என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. அந்தக் கட்டம் கையில் இருந்தால்தான் எந்தக் கேள்விக்கும் சரியான ± போட முடியும்.

கேப் டவுனிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் கடற்கரையில் கூபர்க் அணுமின் நிலையம். 1984 முதல் மின்சாரம் தருகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இயங்கும் ஒரே வணிக அணுமின் நிலையம் இன்றும் அதுதான். அதுபோன்ற உலையில் தொடர்வினை சரியாகத் தன்னைத்தானே தாங்கி நிற்க வேண்டும். ஒரு பிளவில் பிறந்த நியூட்ரான்களில் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்க வேண்டும். யுரேனியம்-235 ஒரு பிளவுக்குச் சராசரியாக 2.4 நியூட்ரான்களை விடுகிறது. மீதி எங்கெங்கே உறிஞ்சப்படும், எத்தனை கசியும் என்பதை நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் பரப்புகளை வைத்துக் கணிக்கிறார்கள். கணிப்பின் நிச்சயமின்மை என்ன என்று கேட்டால், அண்டாக் கணக்கேதான், ஆயிரம் அண்டாவுடன். ஒவ்வொரு தரவும் கொஞ்சம் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்ற உணர்திறன் வரிசையை உடன்மாறுபாட்டு அணியின் இரு பக்கமும் வைத்துப் பெருக்குவார்கள். துறைக்காரர்கள் இதைச் சாண்ட்விச் சூத்திரம் என்கிறார்கள். நடுவில் அணி, இரு பக்கமும் ரொட்டி. அணியின் மூலைவிட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறைகளில் சுழியம் போட்டால், ± தேவைக்குக் குறைவாகவும் வரலாம், கூடுதலாகவும் வரலாம். குறைந்தால் ஆபத்து. கூடினால் வீண் செலவு.

இப்போது 0.88. அதற்கு முன் ஒரு கேள்வி: இரண்டு அளவீடுகளின் சேர்ந்த மதிப்பு அந்த இரண்டுக்கும் வெளியே விழ நியாயம் உண்டா? உண்டு. டர்பனின் வார்விக் பகுதியில் அதிகாலைச் சந்தைக்குப் போனால் மடும்பே விற்பார்கள். அங்கே சேப்பங்கிழங்குக்கு அந்தப் பெயர். ஒரு குவியலை நனைந்த சாக்கு ஒன்றில் போட்டு நிறுத்தால் 12 கிலோ. அதே குவியலை அதேபோல் நனைந்த இன்னொரு சாக்கையும் சேர்த்து நிறுத்தால் 14 கிலோ. சாக்கு எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று தெரியாது. இரண்டும் ஒரே அளவு என்பது மட்டும் தெரியும். கிழங்கின் எடை என்ன? பத்து. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்கவே கிடைக்காது. பன்னிரண்டை இருமுறை எடுத்து, பதினான்கை ஒருமுறை கழித்தோம். அதாவது பதினான்குக்கு நாம் கொடுத்த எடை மைனஸ் ஒன்று. ஒரே பொதுப்பிழை ஒரு அளவீட்டில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் ஏறியிருந்தால், இரண்டின் வித்தியாசமே அந்தப் பிழை எவ்வளவு என்று காட்டிக்கொடுத்துவிடும். விடை குறைந்த பிழைக்காரரையும் தாண்டி வெளியே போகும்.

1987-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ராபர்ட் பீல் என்பவர் சக ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரே பொருளின் இரண்டு அளவீடுகள், 1.5-உம் 1.0-உம். ஒவ்வொன்றுக்கும் தனியாக 10 சதவீத நிச்சயமின்மை. இரண்டுக்கும் பொதுவாக 20 சதவீதம். எல்லோரும் கட்டத்தை நிரப்புகிற மாதிரி நிரப்புவோம். முதலாவதன் பொதுப்பிழை 1.5-இல் 20 சதவீதம், 0.30. இரண்டாவதன் பொதுப்பிழை 1.0-இல் 20 சதவீதம், 0.20. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள அறையில் இரண்டின் பெருக்கல், 0.06. மூலைவிட்டத்தில் 0.1125-உம் 0.05-உம். விதிப்படி தீர்த்தால் முதலாவதன் எடை −0.235, இரண்டாவதன் எடை 1.235. விடை 0.88 ± 0.22. பீலின் புதிர் என்று இது துறையில் நிலைத்துவிட்டது. என் அக்கா மகள் கொண்டுவந்ததும் இதுதான்.

சாக்கைப் பார்த்தவர்களுக்குக் கணக்கு என்ன நினைத்துக்கொண்டது என்று புரிந்திருக்கும். பொதுப்பிழை முதலாவதில் 0.30, இரண்டாவதில் 0.20 என்று நாம் சொன்னோம். அதைக் கேட்டதும் கணக்கு, ‘ஓ, முதலாவதில் ஒன்றரைச் சாக்கு, இரண்டாவதில் ஒரு சாக்கு, 1.5-க்கும் 1.0-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி சாக்கின் ஈரம்தான். அப்படியானால் உண்மை இன்னும் கீழே’ என்று முடிவு கட்டிவிட்டது. நாம் கொடுத்த தகவலுக்கு அது சரியான முடிவு. தகவல்தான் தவறு.

ஏன் தவறு? சதவீதப் பொதுப்பிழை என்பது கூட்டல் அல்ல, பெருக்கல். நசுங்கிய படிபோல. படி 8 சதவீதம் குறைவாகப் பிடித்தால் என் எண்ணிக்கையும் பெரியம்மாவின் எண்ணிக்கையும் ஒரே விகிதத்தில் பிசகும். நான் 40, அவர் 41 என்றதற்குப் படி காரணமாகவே இருக்க முடியாது. ஒரே பொருளை அளக்கும்போது பொதுவான பெருக்கற்பிழை இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் வித்தியாசத்தை உண்டாக்காது. இரண்டையும் சேர்த்து ஏற்றும், சேர்த்து இறக்கும். 1.5 என்று வந்தது தற்செயலாக மேலே போன அளவீடு. அது மேலே போனதாலேயே அதன் 20 சதவீதமும் பெருத்து, அதில் சாக்கு அதிகம் என்ற பொய்த் தோற்றம் வந்தது. அளவீட்டின் தற்செயலை நாமே பொதுப்பிழைக்குள் கலந்துவிட்டோம்.

ஆகவே சதவீதத்தை அளந்த எண்ணிலிருந்து எடுக்காமல், இரண்டும் எதை அளக்க முயன்றனவோ அந்த ஒரே மதிப்பிலிருந்து எடுக்க வேண்டும். உண்மை மதிப்பு தெரியாதே என்றால், ஒரு தோராயத்தில் தொடங்கி, விடை கண்டு, அந்த விடையிலிருந்து சதவீதங்களை மறுபடி போட்டு, மாறாமல் நிற்கும்வரை சுற்றலாம். இப்படிச் செய்தால் இரண்டு அளவீடுகளுக்கும் ஒரே நிச்சயமின்மை, ஒரே எடை. விடை 1.25, நிச்சயமின்மை ஏறக்குறைய 0.27. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வக அறிக்கை ஒன்றில் சிபாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1991-இல் காட்டிய வழி இது. 1994-இல் இத்தாலிய இயற்பியலாளர் டகோஸ்தினி, அளவீட்டுப் புள்ளிகள் கூடக்கூட இந்தச் சரிவு மோசமாகும் என்று காட்டினார். நூற்றுக்கணக்கான புள்ளிகள் வழியே கோடு போட்டால் கோடு அத்தனை புள்ளிகளுக்கும் அடியில் போய் உட்காரும். படத்தைப் பார்த்தால் சிறுபிள்ளைக்குக்கூடத் தவறு தெரியும். படம் போடாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது.

“அப்போ 0.88 தப்பு, 1.25 சரின்னு எழுதிடலாமா மாமா?” என்றாள்.

கூடாது என்றேன். அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? அளவுகோல் குறுக்குவெட்டிலிருந்து வந்திருந்தால் பெருக்கல், 1.25. பின்புலக் கதிர்களைக் கழித்ததில் வந்திருந்து, அந்தப் பின்புலம் முதல் அளவீட்டில் உண்மையிலேயே ஒன்றரை மடங்கு இருந்திருந்தால் அது சாக்கு, 0.88 சரியாகவே இருக்கும். இரண்டு எண்களும் இரண்டு சதவீதங்களும் மட்டும் கையில் இருந்தால் எந்தச் சூத்திரமும் இதைத் தீர்க்காது. தீர்ப்பு ஆய்வகக் குறிப்பேட்டில் இருக்கிறது. அதனால்தான் பழைய கட்டுரைகளில் ‘மொத்த நிச்சயமின்மை 3 சதவீதம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனவர்களை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எவ்வளவு உழைத்து அளந்திருப்பார்கள்! எண்ணுதலில் இவ்வளவு, தகட்டில் இவ்வளவு, அளவுகோலில் இவ்வளவு என்று பிரித்து நான்கு வரி எழுதியிருந்தால், ஐம்பது வருடம் கழித்தும் அந்த உழைப்பை முழுதாகப் பயன்படுத்தலாம்.

பிரித்து எழுதாதவர்களுடைய அளவீடுகளையும் தூக்கி எறிய மனமில்லாமல், ஒருவர் ஒருவராகக் கட்டுரைகளைத் தோண்டி, எந்தத் தகடு, எந்த அளவுகோல், யாரிடமிருந்து யார் மாதிரிப் பொருளை வாங்கினார் என்று பார்த்து அறை அறையாகக் கட்டத்தை நிரப்புவது ஒரு தனித் தொழில். ஆர்கானில் வோல்ஃப்காங் பொனிட்ஸ் அதற்காக ஒரு கணினி நிரல் எழுதினார். பின்னாளில் அதில் பீல் புதிருக்கான திருத்தமும் சேர்ந்தது. பன்னாட்டு அணுசக்தி முகமை ஒருங்கிணைத்து வெளியிடும் நியூட்ரான் அளவுகோல் மதிப்புகள் அந்த வழியில் வந்தவை. உலகம் முழுக்க உலைக் கணக்குகள் கடைசியில் போய் நிற்கும் படி அதுதான்.

கட்டத்தைக் கவனமாக நிரப்பிய பிறகும் அளவீடுகள் ஒத்துப்போகாமல் நிற்பது உண்டு. ஒத்துப்போகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு அளவீடும் சராசரியிலிருந்து எத்தனை நிச்சயமின்மை தள்ளி நிற்கிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால், அது ஏறக்குறைய அளவீடுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். மிக அதிகமாக இருந்தால் யாரோ தம் ±-ஐக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ரேமண்ட் பர்ஜ் 1932-இலேயே இதைச் சொன்னார். துகள் இயற்பியலாளர்கள் இன்றும் அப்படிப்பட்ட இடத்தில் எல்லோருடைய நிச்சயமின்மையையும் ஒரே காரணியால் பெருக்கிவிடுகிறார்கள். நேர்மையான ஒட்டுவேலை என்றுதான் நான் சொல்வேன். யார் குறைத்துச் சொன்னார் என்று தெரியாதபோது எல்லோர் தலையிலும் சமமாக வைப்பது அது.

இதற்கு நேர்மாறான நிலை எனக்கு இன்னும் சங்கடமானது. எல்லோரும் அழகாக ஒத்துப்போவது. மூன்று பேரும் நாற்பதை ஒட்டியே சொன்னோமே, அதுபோல. எல்லோரும் ஒரே முறையைப் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றினால், யாருமே கண்டுகொள்ளாத ஒரு பொதுப்பிழை உள்ளே இருக்கலாம். 2018-இல் வெளியான அளவுகோல் மதிப்புகளில் இதற்காகவே தனியாக ஒரு நிச்சயமின்மையைச் சேர்த்தார்கள். ‘அடையாளம் காணப்படாத காரணங்களால் வரும் நிச்சயமின்மை’ என்று அதற்குப் பெயரும் கொடுத்தார்கள். கணக்கு தந்த ± நம்ப முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது என்று கணக்குப் போட்டவர்களே சொன்னது பெரிய விஷயம்.

தனியாக விடப்பட்ட நியூட்ரான் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்ற கேள்வியில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. மிகமெதுவான நியூட்ரான்களை ஒரு பாத்திரத்தில் அடைத்துவைத்து, எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணுவது ஒரு முறை. அதில் 2021-இல் வந்த மிகத் துல்லியமான மதிப்பு 877.75 வினாடி, நிச்சயமின்மை அரை வினாடிக்கும் குறைவு. கற்றையாக ஓடும் நியூட்ரான்களிலிருந்து சிதைவில் பிறக்கும் புரோட்டான்களை எண்ணுவது இன்னொரு முறை. அதில் 2013-இல் வந்தது 887.7 ± 2.2. பத்து வினாடி இடைவெளி. பாத்திரக்காரர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். எடைபோட்டுச் சேர்த்தால் பாத்திரம் பக்கமே சாயும். அந்தச் சராசரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஜப்பானில் தொகாய் ஆய்வகத்தில் அப்படி நகராமல், கற்றையைத்தான் வைத்துக்கொண்டு, புரோட்டானுக்குப் பதிலாக அதே சிதைவில் பிறக்கும் எலக்ட்ரானை வாயுக்கூடத்தில் எண்ணத் தொடங்கினார்கள். புரோட்டானை எண்ணுவதில் மட்டும் ஏதாவது தவறியிருந்தால், அந்தத் தவறு இதற்குள் வர வழியில்லை.

அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, அவள் தன் பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து, 20 சதவீதம் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ‘எதிலிருந்து?’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை ஃபோருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கப்போகிறாளாம்.